மூடி போட்ட கடல்

விருதுநகரில் கடல் ஆபீஸ் திறந்த செய்தி எம். புதுப்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டு ஊர்களுக்கு வந்து சேர்ந்தபோது, ஜனங்கள் அதை நம்பவும் இல்லை, நம்பாமல் இருக்கவும் இல்லை. ஜீப்பில் வருகிறவன் என்ன பேர் சொல்லிக்கொண்டு வந்தாலும் கடைசியில் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, பட்டாசுத் திரி இருக்கிறதா, வெடிமருந்து இருக்கிறதா என்றுதான் கேட்பான். அது அந்தப் பக்கத்து அனுபவம். கடல் என்று பேர் சொல்லிக்கொண்டு ஒருத்தன் வந்தால் இன்னும் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆபீஸின் முழுப்பெயர் கடல்நீர் அமிலத்தன்மை ஒளியியல் கண்காணிப்பு இயக்ககம். மாவட்டத்துக்கு ஒன்று திறக்க வேண்டும் என்று மேலே உத்தரவு போட்டார்கள். உத்தரவு போட்டவர்கள் வரைபடத்தைப் பார்க்கவில்லை. வரைபடத்தைப் பார்த்தவர்களுக்கு உத்தரவைத் திருத்துகிற அதிகாரம் இல்லை. ஆகவே விருதுநகரில், மிளகாய் வத்தல் மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கியின் மாடியில், கீழேயிருந்து வரும் நெடிக்குத் தும்மிக்கொண்டே இயக்ககம் வேலை செய்தது. மாதா மாதம் அங்கிருந்து மேலிடத்துக்கு ஓர் அறிக்கை போகும்: "இம்மாவட்டத்தில் கடல்நீரின் அமிலத்தன்மை சென்ற மாதத்தைவிடக் கூடவில்லை." அதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. கடற்கரை மாவட்டங்களெல்லாம் நல்லதும் கெட்டதுமாக எழுதிக்கொண்டிருக்க, விருதுநகர் மட்டும் சுத்தமாக எழுதிக்கொண்டிருந்ததால் அதற்குக் கேடயம் கொடுத்தார்கள்.

பெத்தணன் அந்த மாடிப்படி ஏறியது கேடயத்தைப் பார்க்க அல்ல. அவர் வீட்டுக் கொல்லையில் ஒரு கிணறு இருந்தது. இரண்டு பேர் கை கோத்து நின்றால் வளைத்துப் பிடித்துவிடலாம், அம்புட்டுத்தான் அகலம். குழாயில் தண்ணீர் வராத நாளெல்லாம் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். மேட்டுப்பக்கம் மணிகண்டராஜின் பட்டாசுக் கம்பெனி. மருந்து கலக்கும் அறையையும் தட்டுகளையும் கழுவிவிடுகிற தண்ணீர் ஒரு சின்ன வாய்க்காலாக வந்து, கிணற்றுச் சுவர் விரிசல் வழியே உள்ளே இறங்கும். கம்பெனியில் வீணாய்ப் போன மருந்தையும் அந்த வாய்க்காலில்தான் கரைப்பார்கள். தண்ணீரில் போட்டால் எதுவும் அடங்கிப்போகும் என்பது அந்த வட்டாரத்தின் நம்பிக்கை. நெருப்பைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

பெத்தணனின் மனைவி கருப்பம்மாள்தான் முதலில் வித்தியாசத்தைக் கண்டாள். பித்தளைக் குடத்தைப் புளி போட்டு விளக்க வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. கிணற்றில் முக்கி எடுத்தால் போதும், புதுக்குடம் மாதிரி மின்னும். அவள் அதைப் பெருமையாகத் தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அடுத்த வருஷம் அவளுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் வாயு என்றார்கள். வாயுவுக்கென்று கொடுத்த மாத்திரையையும் அந்தத் தண்ணீரில்தான் விழுங்கினாள். போன ஐப்பசியில் போய்ச் சேர்ந்தாள்.

இப்போது மகள் அழகுமீனா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பெத்தணன் கேன் தண்ணீர் வாங்கித்தான் கொடுக்கிறார். ஆனால் அவர் காட்டுக்குப் போன நேரம் மகள் எந்தத் தண்ணீரில் சோறு வடிக்கிறாள், எதில் வாய் கொப்பளிக்கிறாள் என்று எத்தனை நாள் காவல் காப்பது? வாய்க்காலை அடைக்கச் சொல்லி மணிகண்டராஜிடம் போனார். "தண்ணி கெட்டதுன்னு யாரு சொன்னா? எழுதி வாங்கிட்டு வாரும், அடைச்சிருவோம்" என்றார் முதலாளி. எழுதி வாங்கப் போன இடத்தில் குடிநீர்க்காரர்கள் அது தனியார் கிணறு என்றார்கள். விவசாய ஆபீஸில் அது குடிதண்ணீர் என்றார்கள். மாசு பார்க்கிற ஆபீஸில், கம்பெனியிடமிருந்து சம்மதக் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். கடைசியில் ஒரு வாசல் காவலாளி இரக்கப்பட்டு, தண்ணீரில் புளிப்புப் பார்ப்பதற்கென்றே கிட்டங்கி மாடியில் ஓர் ஆபீஸ் இருக்கிறது என்று வழி காட்டினார்.

"யாரு அனுப்பிச்சா?" என்றார் இயக்குநர் ராஜபாண்டியன், எடுத்த எடுப்பில்.

"யாரும் அனுப்பல சார். நானாத்தான் வந்தேன்."

"தானா யாரும் இங்க வர்றதில்லையே."

எழுத்தர் கற்பகவல்லி கண்ணாடியை இறக்கிக்கொண்டு பெத்தணனை மேலும் கீழும் பார்த்தார். "பத்திரிகைக்காரர் மாதிரித் தெரியல சார். கால்ல மண்ணு இருக்கு."

"மண்ணப் பூசிக்கிட்டும் வரலாம்மா."

பெத்தணன் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். இருவரும் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்கள்.

"தண்ணிதான் சார். எங்க கெணத்துத் தண்ணி. இதுல எம்புட்டுப் புளிப்பு இருக்குன்னு பாத்து ஒரு வரி எழுதிக் கொடுத்தீகன்னா போதும்."

ராஜபாண்டியனுக்கு மூச்சு வந்தது. இரண்டு வருஷத்தில் முதல்முறையாக ஒருவர் தண்ணீரைப் பற்றிக் கேட்டிருக்கிறார். உற்சாகத்தில் அலமாரியைத் திறந்து, பட்டு மெத்தை வைத்த பெட்டியை எடுத்து, கறுப்புத் துணியை விலக்கினார். முழ நீளத்தில் ஓர் எஃகுக் குழல். நுனியில் சாந்துப் பொட்டு மாதிரி நாலு பொட்டுகள்.

"தண்ணிக்குள்ள இறக்கினா இது ஒரு வெளிச்சத்தை அடிக்கும். இந்தச் சாயப்பொட்டு அதை வாங்கித் திருப்பி மினுக்கும். தண்ணியில புளிப்பு ஏற ஏற அந்த மினுக்கம் மாறும். அந்த மாற்றத்தை எண்ணா மாத்தி நேரா மேலிடத்துக்கே அனுப்பிடும். நடுவுல மனுஷனே கிடையாது. கடல்னா எட்டும் கொஞ்சமும் காட்டும். எண்ணு இறங்க இறங்க அமிலம் கூடுதுன்னு அர்த்தம். சாதாரணக் கருவிக்கு ஒரு பொட்டு போதும். ஆனா ஒதுக்கின பணம் மீந்துபோகும்னு நாங்க நாலு பொட்டு வாங்கிட்டோம்."

"இதுவரைக்கும் எதுலயாவது இறக்கிப் பாத்திருக்கீகளா சார்?"

கிட்டங்கியிலிருந்து நெடி வந்தது. மூவரும் தும்மினார்கள்.

"இது கடல்ல மட்டும்தான் இறங்கும்" என்றார் இயக்குநர், துணியை மூடியபடி. "கிணத்துல இறக்கினா தணிக்கையில மாட்டிக்குவேன். பெரியவரே, உண்மையச் சொல்லுங்க. தணிக்கைக்காரங்கதானே உங்கள அனுப்பிச்சது?"

பெத்தணன் பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்தபோது கற்பகவல்லிதான் நிறுத்தினார். அவருக்கு விதிகள் மனப்பாடம். "சார், விதியில கடல்னா என்னன்னு போட்டிருக்கு: இயக்ககத்தால் கடல் என்று அறிவிக்கப்பட்ட எந்த நீர்நிலையும். உப்பு, அலை எதையும் சொல்லல. நாம அறிவிச்சாப் போதும்."

ராஜபாண்டியன் வெகுநேரம் சுவரில் இருந்த கேடயத்தைப் பார்த்தார். போன வாரம்தான் மேலிடத்திலிருந்து, கருவியை ஏன் இன்னும் கடலில் இறக்கவில்லை என்று காட்டமாக ஒரு கடிதம் வந்திருந்தது.

"உங்க கிணறு எவ்வளவு ஆழம்?" என்றார், குரலை மாற்றி.

கள விசாரணைக்கு ஜீப் வந்த அன்று ஊரே காலியாகிவிட்டது. பெண்கள் திரிக்கட்டுகளை முந்தானையில் சுற்றிக்கொண்டு கருவேலங்காட்டுக்குள் போய்விட்டார்கள். கிணற்றடியில் பெத்தணனும் அவருடைய மச்சினன் தங்கப்பாண்டியனும் மட்டும் நின்றார்கள். தங்கப்பாண்டியன் கருப்பம்மாளின் கூடப்பிறந்தவன். அவனும் போயிருப்பான், மச்சானைத் தனியாக விட மனசில்லை.

"கடலில் ஏற்ற இறக்கம் உண்டா?" இயக்குநர் கேட்க, கற்பகவல்லி எழுதத் தயாரானார்.

"மோட்டார் போட்டா இறங்கும் சார். நிறுத்துனா ஏறும்."

"எதிர்க்கரையில் என்ன நாடு?"

பெத்தணன் விழித்தார். தங்கப்பாண்டியன் முந்திக்கொண்டான். "எங்க புஞ்சைதான் சார். போன வருசம் மல்லி போட்டோம். சரியா வரல."

"கலங்கரை விளக்கம்?"

"கம்பெனி கேட்டுல ஒரு லைட்டு இருக்கு. பாதி நாளு எரியாது."

"கடல்னா ஆறு ஒண்ணு வந்து கலக்கணுமே."

பெத்தணன் வாய்க்காலைக் கைகாட்டினார். சாம்பல் நிறத்தில், மேலே வெள்ளி மினுங்க, அது கிணற்றுச் சுவருக்குள் நுழைந்துகொண்டிருந்தது. இதுதான் வினை என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ராஜபாண்டியன் அதன் அழகில் சொக்கிப்போனார். "முகத்துவாரம்! எழுதிக்கம்மா."

ஜீப் போனதும் தங்கப்பாண்டியன் சொன்னான்: "மச்சான், கெணத்தக் கடலாக்கிட்டீக. இனி கப்பல்லதான் கொல்லைக்குப் போவீக. எனக்கு என்னமோ இது சரியாப் படல."

"ஒரு எண்ணு வரட்டும்லே. எண்ணு வந்துட்டா வாய்க்கால அடைச்சிரலாம்."

"அவன் பார்வையே சரியில்ல. வாய்க்காலப் பாத்துச் சிரிக்கான்."

திறப்பு விழாவுக்குப் பந்தலும் சாப்பாடும் மணிகண்டராஜ் உபயம். கிணற்றுக்கு வாழைமரம் கட்டி, 'விருதுநகர் கடல்' என்று கல் பதித்தார்கள். மனுக் கொடுத்தவருக்கு நாற்காலி இல்லாததால் பெத்தணன் மோட்டார் ரூம் ஓரமாக நின்றார்.

ராஜபாண்டியன் பேசினார்: "கடல் இல்லாத ஊரில் இவர் இரண்டு வருஷம் சும்மா இருந்து சம்பளம் வாங்கினார் என்று சிலர் பேசுகிறார்கள். கடல் இருக்கிற ஊரில் யார் வேண்டுமானாலும் சும்மா இருக்கலாம். கடலைக் காட்டி, இன்று அலை அதிகம் என்று சொல்லிவிடலாம். கடலே இல்லாத இடத்தில் சும்மா இருப்பதற்குத் தனித் திறமை வேண்டும். அந்தத் திறமையை இந்த இயக்ககம் என்னில் கண்டது. இன்று கடலையும் கொடுத்துவிட்டோம். இனி எங்களை யாரும் எதுவும் கேட்க முடியாது."

கைதட்டினார்கள். அடுத்து மணிகண்டராஜ் எழுந்தார். "எங்க கம்பெனிக்கும் இந்தக் கெணத்துக்கும்... மன்னிக்கணும், இந்தக் கடலுக்கும் ரொம்ப நாள் பழக்கம். எங்க கம்பெனியில இருந்து எது வந்தாலும் இது ஒருநாளும் வேண்டாம்னு சொன்னது கிடையாது. வாங்கி உள்ள வச்சுக்கிடும், வெளிய சொல்லாது. இந்தக் குணம் மனுசங்களுக்கும் வரணும்." அவர் சொல்லும்போது கண் பெத்தணன்மேல் இருந்தது.

கருவி கிணற்றுக்குள் இறங்கியது. அன்று மத்தியானமே சிக்கல். கால்மணிக்கொரு தடவை கருவி வெளிச்சம் அடித்துப் பார்த்துக்கொள்ளும். கிணற்றிலிருந்து பச்சையாக ஒரு வெட்டு வெட்டியதைக் கம்பெனியில் திரி சொருகிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி கண்டாள். அந்த ஊரில் கண்ணில் ஒரு வெளிச்சம் பட்டால் யோசிக்கிறவர்கள் இல்லை. யோசித்தவர்களின் படத்துக்குத்தான் மாலை போட்டிருக்கிறது. அத்தனை பேரும் வேலையைப் போட்டுவிட்டு வெட்டவெளிக்கு ஓடினார்கள். கால்மணி கழித்துத் திரும்பி வந்தார்கள், மறுபடியும் வெட்டியது, மறுபடியும் ஓடினார்கள். சாயங்காலத்துக்குள் கம்பெனியில் ஒரு பெட்டி சரக்குகூட முடியவில்லை. சீசன் நேரம். மணிகண்டராஜ் கொதித்துப்போய், கடலை மூடச் சொன்னார். சாயப்பொட்டுக்கும் வெயில் ஆகாது என்று விதியில் இருந்ததால் இயக்குநருக்கும் அது பொருத்தமாகவே பட்டது. கிணற்றுக்கு இரும்பு மூடி போட்டு, மேலே கறுப்புத் துணி விரித்து, பூட்டுப் போட்டார்கள்.

மறுநாள் காலையில் அறிவிப்புப் பலகை நின்றது. கடலில் இறங்கவோ குளிக்கவோ நீர் எடுக்கவோ கூடாது. கரையிலிருந்து ஐந்நூறு மீட்டருக்குள் கட்டடம் கூடாது. பலகை பெத்தணன் வீட்டுச் சுவரிலேயே சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

"அப்பா, எனக்குன்னு கட்டுற குளியலறை?" என்றாள் அழகுமீனா, பாதி எழும்பிய சுவரைப் பார்த்து.

பெத்தணன் கற்பகவல்லியிடம் ஓடினார். "கம்பெனியும் ஐந்நூறு மீட்டருக்குள்ளதானம்மா இருக்கு?"

"கம்பெனி கடலுக்கு முந்தினது. அதனால விலக்கு."

"எங்க வீடும் முந்தினதுதானம்மா. எங்கப்பன் கட்டுனது."

"இருக்கலாம். கம்பெனிக்கு லைசென்ஸ் இருக்கு. உங்க வீட்டுக்கு வீடுன்னு லைசென்ஸ் இருக்கா?"

பெத்தணன் யோசித்துப் பார்த்தார். இல்லை.

இதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். மூடி போட்டதில் ஒரு நன்மையும் இருந்தது, மகள் இனி அந்தத் தண்ணீரை எடுக்க முடியாது. ஆனால் வாய்க்கால் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மூடிய கிணற்றிலிருந்து அது பூமிக்குள் எங்கே போகும், அடுத்த தெருவில் யார் குழாயில் ஏறும் என்று யாருக்குத் தெரியும்? எண்ணுக்காகக் காத்திருந்தார்.

எண் வந்தது. மூன்று புள்ளி ஒன்பது.

அன்று ராஜபாண்டியன் ஜீப்பை விட்டு இறங்கிய வேகத்தைப் பார்த்து ஊர் மறுபடியும் கருவேலங்காட்டுக்குப் போயிற்று.

"என்னய்யா கலந்த?" என்றார் பெத்தணன் முகத்துக்கு நேராக. 'பெரியவரே' போய் 'யா' வந்திருந்தது. "எந்தக் கடலும் எட்டை விட்டு இப்படி இறங்கினதில்ல. ஒரே ராத்திரியில என் கடல நாறடிச்சிட்டியே. எலுமிச்சம்பழமா? புளியா?"

"பூட்டு ஒங்க கையில இருக்கு சார். நான் எப்படிக் கலக்க?"

"அதான் சந்தேகமே. கலக்க முடியாத இடத்துல கலந்திருக்கேன்னா நீ சாதாரண ஆள் இல்ல."

கூட வந்த கற்பகவல்லி அடுப்படிக்குள் நுழைந்து, பானையிலிருந்த புளியைக் கைப்பற்றினார். அழகுமீனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்தாள். "ரசத்துக்குக் கொஞ்சம் வச்சிட்டுப் போங்கக்கா" என்றாள். கற்பகவல்லிக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஒரு கொட்டை அளவு கிள்ளி வைத்துவிட்டு, மீதியை உறையில் போட்டு அரக்கு வைத்தார்.

அப்போது மேலிடத்திலிருந்து போன் வந்தது. ராஜபாண்டியன் போனை எடுத்தபோது நின்ற நிலைக்கும் வைத்தபோது நின்ற நிலைக்கும் வித்தியாசம் இருந்தது. குனிந்திருந்தவர் நிமிர்ந்துவிட்டார்.

"பெரியவரே" என்றார், பழைய மரியாதை திரும்பி வந்து. "மேலிடத்துல எல்லாரும் எழுந்து நிக்கிறாங்களாம். உலகத்துல எந்தக் கடலும் தொடாத எண்ணாம் இது. இருநூறு வருஷம் கழிச்சுக்கூட மத்த கடலுக்கு வராதாம். நம்ம கடல் அவ்வளவு முன்னேறிடுச்சு. டெல்லியிலிருந்து குழு வருது."

"சந்தோசம் சார். அப்ப எண்ணு சரிதானே? எழுதிக் கொடுங்க, வாய்க்கால அடைச்சிருவோம்."

"அடைக்கறதா?" அவர் பதறிப்போய்ப் பெத்தணனின் கையைப் பிடித்துக்கொண்டார். "அது ஆறுய்யா! ஆறு நின்னா எண்ணு ஏறிடும். நாலு, அஞ்சுன்னு ஏறி எட்டாயிட்டா அப்புறம் நாமளும் மத்தவங்களும் ஒண்ணாயிருவோம். இந்த அமிலத்தக் காப்பாத்தணும். அதுதான் இனி நம்ம கடமை."

அந்த வாரமே மணிகண்டராஜுக்குப் பொன்னாடை போர்த்தி, 'ஆறு குறையாமல் காத்தவர்' என்று சான்றிதழ் கொடுத்தார்கள். முதலாளிக்கு முதலில் சந்தேகமாக இருந்தது. வாழ்க்கையில் அரசாங்கம் அவருடைய சாக்கடையைப் பாராட்டி ஒரு தாள் கொடுத்ததில்லை. இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, தட்டு கழுவுகிற தண்ணீரை இன்னும் தாராளமாக விடச் சொன்னார்.

பெத்தணன் கடைசியாக ஒருமுறை மாடிப்படி ஏறினார். இந்தத் தடவை வாய்க்காலைப் பற்றிக் கேட்கவில்லை.

"சார், எனக்கு ஒண்ணே ஒண்ணு எழுதிக் கொடுங்க. எம் பொஞ்சாதி கருப்பம்மா இந்தத் தண்ணியக் குடிச்சுத்தான் போய்ட்டான்னு. நான் அத வச்சு எவன்கிட்டயும் எதுவும் கேக்கப் போறதில்ல. வாயுன்னு எழுதியிருக்காக சார். அவ வாயுவுல சாகல."

ராஜபாண்டியன் உண்மையாகவே வருத்தப்பட்டார். பேனாவைக்கூடத் திறந்தார். பிறகு ஏதோ உறைத்து, நிறுத்தினார்.

"அவங்க குடிச்சது எந்தத் தண்ணி?"

"இந்தக் கெணத்துத் தண்ணி சார்."

"கிணறுன்னு ரெக்கார்டுல எதுவும் இல்லையே. இருக்கறது கடல்."

"அவ குடிச்சப்ப அது கெணறுதான சார்?"

கற்பகவல்லி தலையைத் தூக்காமல் சொன்னார்: "அறிவிப்புல, 'நெடுங்காலமாகவே கடலாக இருந்து வந்துள்ளது'ன்னு போட்டிருக்கு. அப்படிப் போட்டாத்தான் கையெழுத்தாகும்."

"பாருங்க" என்றார் இயக்குநர், பேனாவை மூடியபடி. "அந்தம்மா கடல் தண்ணியக் குடிச்சிருக்காங்க. கடல் தண்ணியக் குடிக்கக் கூடாதுன்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா கடல் மேல தப்பு சொல்ல முடியாதே."

பெத்தணன் படி இறங்கினார். தும்மல்கூட வரவில்லை.

டெல்லிக் குழு வருவதற்கு முந்தின நாள் லாரி லாரியாக மணல் வந்து கொல்லையில் இறங்கியது. கடலுக்குக் கரை வேண்டும், குழு காலாற நடக்க வேண்டும் என்று இயக்குநர் ஏற்பாடு செய்திருந்தார். மணலைப் பரப்பும் ஆட்கள் விடிந்த பிறகு வருவதாகச் சொல்லிப் போனார்கள். கிணற்றைச் சுற்றி மணல் மலையாய்க் கிடந்தது.

கிழக்கு வெளுக்கும்போது பெத்தணன் மண்வெட்டியோடு கொல்லையில் நின்றார். சத்தம் கேட்டுத் தங்கப்பாண்டியன் வந்தான். பூட்டைப் பார்த்தான், மணலைப் பார்த்தான், மச்சானின் முகத்தைப் பார்த்தான். வீட்டுக்குப் போய்க் கடப்பாரையும் இன்னொரு மண்வெட்டியும் எடுத்து வந்தான்.

"மச்சான், கடலத் தூத்தா என்ன கேஸு போடுவான்?"

"தெரியலலே. இதுக்கு முன்னால எவனும் தூத்ததில்ல."

பூட்டு உடைந்தது. பெத்தணன் முதலில் கயிற்றைப் பிடித்துக் கருவியை மேலே இழுத்தார். ஈரத்தைத் துடைத்து, கறுப்புத் துணியில் சுற்றி, மோட்டார் ரூம் திட்டில் பத்திரமாக வைத்தார்.

"அதையும் உள்ள போட்டு மூடுங்க, சனியன்" என்றான் தங்கப்பாண்டியன்.

"சும்மா இருலே. இம்புட்டு ஆபீஸ் ஏறி இறங்கினதுல, உள்ளத உள்ளபடி சொன்ன ஒரே ஆபீசர் அதுதான்."

பிறகு அவர் குனிந்து ஒரு பிடி மணலை அள்ளினார். கிணற்றுக்குள் போடுமுன் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். தங்கப்பாண்டியனும் அக்காளுக்கென்று ஒரு பிடி அள்ளிப் போட்டான். அதற்கப்புறம் இருவரும் மண்வெட்டியை எடுத்தார்கள். சின்னக் கிணறுதானே. வெயில் ஏறுவதற்குள் கிணறு நிறைந்துவிட்டது. மீந்த மணலில் கொஞ்சத்தைச் சுமந்துபோய், கம்பெனிச் சுவரடியில் வாய்க்கால் புறப்படும் வாயையும் அடைத்து மிதித்துவிட்டார்கள். அழகுமீனா கேன் தண்ணீரில் பழைய சோற்றைக் கரைத்து நீச்சத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். 

பரப்பும் ஆட்கள் வந்து மிச்சத்தைச் சமப்படுத்திவிட்டுப் போயிருந்ததால், குழு வந்தபோது கொல்லையில் மட்டமான மணல் இருந்தது. நடுவில் 'விருதுநகர் கடல்' என்று கல்வெட்டு இருந்தது. கடல் இல்லை.

குழுத் தலைவர் ராஜபாண்டியனைப் பார்த்தார். ராஜபாண்டியன் மணலைப் பார்த்தார். அவருடைய முகத்தில் எத்தனையோ விதிகள் ஓடியிருக்க வேண்டும். கடைசியில், இயக்ககத்தின் கையேட்டில் கடலைக் காணாவிட்டால் எழுத அனுமதிக்கப்பட்ட ஒரே வாசகம் அவர் வாயில் வந்தது.

"கடல் உள்வாங்கியிருக்கிறது சார்."

சொன்ன பிறகுதான் அவருக்கே அதன் பொருள் உறைத்தது. குழுவில் ஒருவர் நாகப்பட்டினத்துக்காரர். அவர் அடுத்த வார்த்தைக்காக நிற்கவில்லை. அவர் ஓடியதைப் பார்த்து மற்றவர்களும் ஓடினார்கள். செருப்புகள் மணலில் கிடந்தன. ஜீப்புகள் மேட்டுப்பக்கம் பறந்தன. போகிற போக்கில் ராஜபாண்டியன் கம்பெனி கேட்டில் நின்று, "எல்லாரும் மேட்டுக்குப் போங்க! அலை வருது!" என்று கத்திவிட்டுப் போனார். கம்பெனி ஆட்களுக்கு எது வருகிறது என்பது முக்கியமில்லை; ஓடச் சொன்னால் ஓடுவார்கள். ஓடுகிற அவசரத்தில் கழுவும் தொட்டிக் குழாயை யாரும் அடைக்கவில்லை.

அன்று சாயங்காலம் வரை அலை வரவில்லை. பெத்தணன் வாசலில் உட்கார்ந்திருந்தார். போலீஸ் வரும் என்று எதிர்பார்த்தார். வந்தது மணிகண்டராஜ். தனியாக, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு.

"பெத்தணன், கொஞ்சம் வாரும். வந்து ஒரு எட்டுப் பாரும்."

கம்பெனி முற்றம் முழுக்கத் தண்ணீர் நின்றது. போகிற வழி அடைபட்டதால், தொட்டியிலிருந்து வந்ததெல்லாம் கரிசலில் இறங்காமல் அப்படியே தேங்கி, மருந்து அறைப் படிவரைக்கும் சாம்பல் நிறத்தில் மினுங்கிக்கொண்டிருந்தது. மணிகண்டராஜ் அதற்குள் கணுக்கால் அளவு நின்றுகொண்டு பேசினார்.

"அந்த ஆளு அலைன்னான். இதுதான் அலையா? கடல் தண்ணியா இது?"

"இல்ல மொதலாளி. உங்க தண்ணிதான். போக்கிடம் இல்லாம நிக்கி."

முதலாளி சுற்றிலும் பார்த்தார். யாரும் இல்லை. குரலைத் தாழ்த்தினார். எத்தனையோ தடவை எழுதி வாங்கிவரச் சொன்ன மனிதர், இப்போது தானாகவே கேட்டார்.

"அந்தக் கருவி... இதுல எம்புட்டு இருக்குன்னு சொல்லிச்சு?"

"மூணு புள்ளி ஒன்பது."

"அப்படின்னா?"

"கருப்பம்மா குடிச்சது இதுதான் மொதலாளி" என்றார் பெத்தணன். "கெணத்துக்குள்ள போய்க் கொஞ்சம் நல்ல தண்ணியும் கலந்த பெறகு."

மணிகண்டராஜ் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். பிறகு ஒரு காலை எடுத்துக் காய்ந்த படிமேல் வைத்தார். அப்புறம் மற்றக் காலையும் எடுத்தார்.